வெயில் காயும் முன்வாசலுக்குப் புல் வேண்டாம், பத்துமணிச் செடி போடுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் பக்கம் புது வீடு. முன்னால் 20-க்கு 15 அடி காலி இடம், காலையிலிருந்து மாலைவரை நிழலே விழாத வெயில். மண் கரிசல். போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிறது. போன வருடம் பதித்த கொரியன் புல் சித்திரை பிறக்கும் முன்பே கருகிப்போனது. தினமும் தண்ணீர் விடாமல், அடிக்கடி வெட்டாமல், தரையை மூடிக்கொண்டு கிடக்கிற சதைப்பற்றுள்ள செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. இடத்தின் பெரும்பகுதிக்குப் பத்துமணிப்பூ. நர்சரியில் டேபிள் ரோஸ் என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். தண்ணீர் வடிந்து வந்து தேங்குகிற தாழ்வான ஓரத்துக்கு மட்டும் செசூவியம். கடற்கரைப் பக்கத்தில் ஓர்ப்பூடு, வங்காரவள்ளை என்றெல்லாம் சொல்வது அதைத்தான். செடி வாங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த இரண்டில் பத்துமணி வெயிலால் சாவது அபூர்வம். அதைக் கொல்வது வேரில் நிற்கிற தண்ணீர். ஆகவே உங்கள் செலவும் உழைப்பும் செடிக்கு அல்ல, முதல் இரண்டு மாதம் மண்ணுக்கும் கோரைக்கும் போக வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் அப்புறம் பெரிதாக வேலை இல்லை.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 300 சதுர அடி என்பது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். நம் பக்கத்துக் கோடையில் புல் பச்சையாக நிற்க நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். அப்படியென்றால் தினம் 140 லிட்டர், மாதத்துக்கு 4,200 லிட்டர். வேர் பிடித்த பத்துமணிக்கு ஐந்து நாளைக்கு ஒரு தடவை 8 மில்லிமீட்டர் விட்டால் போதும். மாதத்துக்கு ஆறு தடவை, தடவைக்கு 225 லிட்டர், மொத்தம் 1,350 லிட்டர். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதிலும் ஒரு தடவை மறந்துபோனால் புல் பழுத்துவிடும். பத்துமணி இலையைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கும்.

அது எப்படிக் காத்திருக்கிறது என்று தெரிந்தால் எப்போது தண்ணீர் விடலாம், எப்போது கூடாது என்பது தானாகப் புரியும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. அந்த நேரத்தில் உள்ளே இருக்கிற ஈரமும் ஆவியாகிப் போகிறது. கள்ளி இனங்கள் இரவில் துளையைத் திறந்து, வாயுவை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிடும். தண்ணீர் மிச்சம், ஆனால் வளர்ச்சி மெதுவு. சோளமும் கரும்பும் வேறு வழியில் கடும் வெயிலிலும் வேகமாக வளரும். பத்துமணியின் இனத்தில் இந்த இரண்டு வழியும் இருக்கின்றன. ஈரம் உள்ளவரை சோளத்தின் வழியில் ஓடும். மண் காய்ந்ததும் கள்ளியின் வழியையும் சேர்த்துக்கொள்ளும். அதே இனத்தைச் சேர்ந்த பருப்புக்கீரையில் இரண்டு வழியும் ஒரே செல்லுக்குள் நடப்பதை 2022-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். வீட்டிலேயே சோதிக்கலாம்: தண்ணீர் விடாமல் காயவிட்ட பருப்புக்கீரை இலையை விடிகாலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வாயில் போட்டுப் பாருங்கள். காலை இலை நன்றாகப் புளிக்கும். இரவெல்லாம் சேர்த்த அமிலம் அது.

பத்துமணிப்பூவின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில். நம் ஊர் வெயில் அதற்குப் புதிதல்ல. குளிர் நாடுகளில் ஒரு பருவத்தில் முடிந்துவிடுகிற செடி, இங்கே வெட்டி வெட்டிப் புதுப்பித்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

நர்சரியில் டேபிள் ரோஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு செடி விற்கிறார்கள். ஒன்றுக்கு இலை ஊசி மாதிரி உருண்டை, இலைக் கணுவில் வெள்ளை முடி இருக்கும். இன்னொன்றுக்கு இலை தட்டை, அகலம், முடி கண்ணில் படாது. அதன் விதைக்காயைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று ஓடும். ஊசி இலையில் அடுக்குப் பூ நிறைய. தட்டை இலை பெரும்பாலும் ஒற்றைப் பூ, ஆனால் வேகமாகப் படரும், தொங்கும். தரையை மூடுவதுதான் நோக்கம் என்றால் முக்கால் பங்கு தட்டை இலை, கால் பங்கு ஊசி இலை என்று போடச் சொல்வேன். ஜம்போ, சிண்ட்ரெல்லா என்று பெயர் வைத்துக் கேரளாவிலிருந்து கூரியரில் வரும் ரகங்கள் அழகுதான், சந்தேகமில்லை. 300 சதுர அடியை நிரப்ப அவை தேவையில்லை. உள்ளூர் நர்சரியில் தொங்கும் தொட்டியில் இருக்கிற மஞ்சளும் ராணி ரோஸும் போதும். அவைதான் அடி தாங்கும்.

பூவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. வெயில் ஏறி, பூ முழுதாக விரிந்ததும், நடுவில் இருக்கிற மகரந்தக் கேசரங்களை ஒரு துடைப்பக்குச்சி நுனியால் லேசாகத் தொடுங்கள். தொட்ட பக்கமாக அவை மெல்லச் சாயும். கொசுத்தேனீ வந்து உட்கார்ந்தாலும் இதேதான். கேசரங்கள் அதன் மேல் சரிந்து மகரந்தத்தைப் பூசி அனுப்பும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் காட்டுங்கள், தினம் பத்து மணிக்கு அங்கேதான் நிற்பார்கள். விடுமுறை நாளில் மட்டும்தான் பூவைப் பார்க்க முடியும் என்று வேலைக்குப் போகிறவர்கள் குறைப்படுவது நியாயமே. மேகம் மூடிய நாளிலும் சாயங்காலத்திலும் பூ சுருண்டுவிடும்.

இனி மண். கரிசல் அருமையான மண், பருத்திக்கும் உளுந்துக்கும். அதன் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். பத்துமணியின் வேர் மெல்லியது, ஆழம் போகாதது. அந்த ஈரத்தில் தண்டு அடியிலிருந்து கண்ணாடி மாதிரி ஆகி அழுகிவிடும். கொஞ்சம் மணல் கலந்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கரிசலைத் திருத்துகிற அளவுக்கு மணல் கலக்க லாரி லாரியாக அடிக்க வேண்டும். குழி வெட்டிச் செம்மண் நிரப்புவதும் வேண்டாம். சுற்றிலும் களிமண் இருப்பதால் அந்தக் குழி மழையில் தொட்டியாகிவிடும், சுற்றுப்புறத் தண்ணீர் எல்லாம் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது, கரிசலுக்கு மேலே அரை அடி உயரத்துக்கு மேடை கட்டுவது. 300 சதுர அடிக்கு அரை அடி என்றால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். ஒரு யூனிட் செம்மண், அரை யூனிட் கால் இஞ்ச் சிப்ஸ் ஜல்லி. இரண்டையும் மண்வெட்டியால் நன்றாகப் புரட்டிக் கலந்து, மக்கிய சாணி எரு ஐந்தாறு சிமென்ட் பை அளவு சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம். எரு கூடினால் தண்டு கொழுத்துச் சாயும், பூ குறையும். ஜல்லிக்குப் பதிலாக எம்-சாண்டோ கிரஷர் தூளோ போடாதீர்கள். அதிலிருக்கிற மாவு ஈரத்தில் இறுகிச் சிமென்ட் போட்ட தரையாகிவிடும். தென்னைநார்க் கழிவும் கூடாது, அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். உங்களுக்குத் தேவை ஈரத்தை விடுகிற மண்.

மேடை சமமாக இருக்க வேண்டாம். வீட்டிலிருந்து வாசல் பக்கமாக 15 அடிக்கு மூன்று இஞ்ச் சரிவு கொடுங்கள். ஓரத்துக்குச் செங்கல்லை நிறுத்தி வைத்தால் போதும், கலவை பூசாதீர்கள். இடைவெளி வழியாகத் தண்ணீர் வெளியேற வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உறிஞ்சிவிட்டால் சரி. குளமாக நின்றால் இன்னும் ஜல்லி கலக்க வேண்டும்.

மேடைக்கு முந்திய வேலை ஒன்று இருக்கிறது, பலரும் தவிர்ப்பது அதைத்தான். கோரை. நீங்கள் அனுப்பிய படத்தில் கருகிய புல்லுக்கு நடுவே பளபளவென்று நிற்பது முழுக்கக் கோரைதான். அதற்கு மேல் அரை அடி மண் போட்டால் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கிழங்கிலிருந்து முளை மேலே துளைத்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் ஷீட்டையே குத்திக்கொண்டு வருகிற முளை அது. பத்துமணி படர்ந்த பிறகு கோரை வந்தால் பிடுங்க முடியாது, பிடுங்கினால் செடியும் கூட வரும், கிழங்கு உள்ளேயே தங்கும். ஆகவே ஐப்பசி மழை விழுந்ததும் வேலையைத் தொடங்குங்கள். ஈரத்தில் கோரை எல்லாம் முளைக்கும். முளைத்ததும் மண்வெட்டியால் ஓரடி ஆழம் வெட்டிப் புரட்டி, கறுப்பாகக் கொட்டைபோல் இருக்கிற கிழங்கைக் கையால் பொறுக்கி எடுங்கள். எருக்குழியில் போடக் கூடாது, வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். இரண்டு வாரம் விடுங்கள், தப்பியது முளைக்கும், மறுபடி பொறுக்குங்கள். மார்கழிக்குள் மூன்று முறையாவது இப்படிச் செய்தால் முக்கால்வாசி ஒழியும். மீதியை முதல் வருடம் தலை காட்டும்போதெல்லாம் தோண்டி எடுக்கலாம். அருகம்புல்லும் இருந்தால் அதன் வேர்த்தண்டையும் இதே சுற்றில் இழுத்துவிடுங்கள். ஆள் வைத்துச் செய்தாலும் கிழங்கு பொறுக்கும்போது நீங்கள் கூட நில்லுங்கள். மேலே கொத்திவிட்டுப் போவது சுலபம் என்பதால் பெரும்பாலும் அதுதான் நடக்கும்.

நடவு தையிலோ மாசியிலோ. மழை விட்டிருக்கும், கடும் வெயில் இன்னும் வந்திருக்காது. 300 சதுர அடிக்கு அரை அடி இடைவெளியில் நட்டால் 1,200 துண்டு வேண்டும். அத்தனைக்கும் நர்சரியில் காசு கொடுக்க வேண்டாம். மார்கழிக் கடைசியில் எட்டுப் பத்துத் தொட்டி வாங்கி, முதலில் நான்குக்கு நான்கு அடியில் ஒரு நாற்றங்கால் போடுங்கள். ஐந்தாறு வாரத்தில் அதிலிருந்தே கிள்ளி எடுத்து மீதி இடத்தை நிரப்பிவிடலாம். தொட்டியிலிருந்து வேரோடு பிடுங்கி நடுவதைவிடக் கிள்ளி நடுவது நல்லது. நர்சரிச் செடியின் வேர் நார்க்கழிவில் சுற்றியிருக்கும், நட்ட இடத்தில் அந்த உருண்டை மட்டும் ஈரமாகவே கிடந்து அழுகும்.

மூன்று நான்கு இஞ்ச் நீளத்துக்குக் கிள்ளுங்கள். அடிப்பாதி இலையை உருவிவிட்டு, மொட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, நிழலில் அரை நாள் வைத்தால் வெட்டுவாய் காய்ந்துவிடும். பிறகு விரலால் துளை போட்டு இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு அழுத்துங்கள். சாயங்காலத்தில் நடுங்கள். முதல் பத்து நாள் பூவாளியில் தினம் ஒரு முறை, மேல் மண் நனைகிற அளவு மட்டும். பத்தாம் நாள் ஒரு துண்டை லேசாக இழுத்துப் பாருங்கள். வராமல் பிடித்தால் வேர் இறங்கிவிட்டது, தினத் தண்ணீரை அன்றோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு மாதத்தில் மண் தெரியாமல் மூடும். விதை போடலாமா என்றால் போடலாம்; எஃகு நிறத்தில் தூசி மாதிரி இருக்கும், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால் மண் போட்டு மூடக் கூடாது. ஆனால் எறும்பும் காற்றும் போக மிஞ்சுவது குறைவு. கிள்ளி நடுவதே கைகண்ட வழி.

தண்ணீருக்கு நாள் குறித்து வைக்க வேண்டாம், இலையைப் பாருங்கள். விரலில் பிடித்தால் கெட்டியாக, வழவழப்பாக இருந்தால் உள்ளே இருப்பு இருக்கிறது. தொய்ந்து, மேலே கோடு கோடாகச் சுருக்கம் தெரிந்தால் அன்றைக்கு விடுங்கள். விட்டால் நன்றாக, மேடையின் அடிவரை இறங்குகிற மாதிரி விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதுதான் மோசம், உங்கள் உப்புத் தண்ணீரில் இன்னும் மோசம். உப்பு மேல்மண்ணிலேயே தங்கி வெள்ளையாகப் பூக்கும். இலைமேல் படாமல் ஹோஸ் பைப்பைத் தரையில் வைத்து விடுவதும் இதற்காகத்தான். சேருகிற உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிக்கொண்டு போய்விடும். மேடை வடிகிற மண்ணாக இருந்தால்தான் அதுவும் நடக்கும்.

அந்த மழைதான் இந்தச் செடிக்குச் சோதனைக் காலம். எவ்வளவு நன்றாக மேடை போட்டாலும் தொடர்ந்து நான்கைந்து நாள் அடைமழை பெய்தால் அங்கங்கே அழுகும். புரட்டாசிக் கடைசியில் கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் மூன்று இஞ்ச் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அடர்த்தி குறைந்தால் காற்று புகும், அழுகல் பரவாது. வெட்டியதில் ஐம்பது அறுபது துண்டை இரண்டு அகலமான தட்டில் நட்டு, மழை படாமல் வெளிச்சம் விழுகிற சன்ஷேடுக்குக் கீழே வைத்துவிடுங்கள். தரையில் எது போனாலும் தையில் திரும்ப நட விதைப்பங்கு உங்களிடம் இருக்கும். மற்ற பருவத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு வெட்டு போதும். வெட்டாமல் விட்டால் நடுவில் வெறும் தண்டும் நுனியில் மட்டும் இலையுமாகச் சொட்டை விழும்.

பூச்சித் தொந்தரவு பெரிதாக இல்லை. மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். மழைக்காலத்து நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி. இலையில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் அது பூஞ்சை மாதிரியான ஒரு நோய். அந்தத் தண்டுகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள், பரவும்.

சரிவின் அடியில், வாசல் கேட்டை ஒட்டி, கடைசி இரண்டடியில் தண்ணீர் எப்படியும் சேரும். அங்கே செசூவியம். பிச்சாவரத்திலும் வேதாரண்யத்திலும் பழவேற்காட்டிலும் உப்புச் சேற்றில் சிவந்த தண்டோடு படர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலையைக் கடித்தால் உப்பாக இருக்கும். கணுவுக்குக் கணு வேர் விடும், உப்பும் தாங்கும், தேங்கிய தண்ணீரும் தாங்கும், வெயிலும் தாங்கும். பூ சின்னது, இளஞ்சிவப்பு நட்சத்திரம், சில மணி நேரம்தான் விரிந்திருக்கும். பூவுக்காக இதை வைப்பதில்லை, எந்த மாதத்திலும் பச்சை போகாது என்பதற்காக வைப்பது. மேடைக்கு வெளியே கரிசலிலேயே நட்டுவிடலாம். பத்துமணிப் பக்கம் ஏறி வந்தால் நுனியை வெட்டிவிட்டால் போதும்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஆன்லைனில் படம் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஐஸ் பிளான்ட் என்று மின்னுகிற பூவோடு விற்கும் டெலோஸ்பெர்மாவும், செடம் வகைகளில் பெரும்பாலானவையும் குளிர்ந்த இரவுகள் வேண்டுபவை. நம் சமவெளியின் சூடும் ஈரமும் சேர்ந்த இரவில் உருகிப்போகும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். மஞ்சள் பூவோடு படரும் வெடெலியாவைச் சும்மாவே வெட்டித் தருவார்கள். அது சதைப்பற்றுச் செடியும் இல்லை, பக்கத்து நிலம், வாய்க்கால் என்று பரவி வேறு எதையும் வளரவிடாது. தயவுசெய்து வேண்டாம்.

இதன் மேல் நடக்க முடியாது, தண்டு ஒடிந்துவிடும். நடக்கிற வழியில் கடப்பாக் கல்லை ஒன்றரை அடிக்கு ஒன்று பதித்துவிடுங்கள். அதனால் நட வேண்டிய துண்டும் குறையும். ஆடும் கோழியும் விரும்பித் தின்னும், கேட் எப்போதும் சாத்தியிருக்கட்டும். நாய், பூனை வளர்த்தால் கவனம் வேண்டும்: இந்தச் செடியில் ஆக்ஸலேட் அதிகம், நிறையத் தின்றால் அவற்றுக்கு ஆகாது.

செம்மண்ணோடு பருப்புக்கீரையும் தரைப்பசலையும் தானாக முளைக்கும். அவற்றைக் களையென்று பிடுங்க வேண்டாம், தட்டை இலைப் பத்துமணியோடு கலந்து படரும், வாரத்துக்கு ஒரு நாள் கூட்டுக்கும் ஆகும். அதே தோற்றத்தில் வருகிற சாரணையை மட்டும் சின்னதிலேயே எடுத்துவிடுங்கள். பருப்புக்கீரைப் பூ மஞ்சள், சாரணைப் பூ வெள்ளையாகவோ வெளிறிய சிவப்பாகவோ இருக்கும், கணுவில் இரண்டு இலையில் ஒன்று பெரிது ஒன்று சிறிது. நர்சரியில் வாங்கிய டேபிள் ரோஸைக் கீரையென்று சமைக்காதீர்கள், என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது.

மண் அடிக்கும் முன் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்துத் திறனைப் பார்த்துவிடுங்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுவது அதுதான். மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் வரை இருந்தால் மேலே சொன்னபடியே செய்யலாம். அதைத் தாண்டினால் பத்துமணியை வீட்டை ஒட்டிய பாதியில் மட்டும் போட்டு, மீதிப் பாதிக்குச் செசூவியத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மேடையும் பாதி இடத்துக்குப் போதும், முக்கால் யூனிட்டில் வேலை முடிந்துவிடும்.